டிராக்டரை லாரியில் ஏற்றுமுன்

பழைய டிராக்டர் வாங்கப் போகிறவர் எவ்வளவோ பார்க்கிறார். சைலன்சர் புகை என்ன நிறம், ஹைட்ராலிக் தூக்கிய நிலையில் நிற்கிறதா, பின் டயரில் பட்டன் எவ்வளவு மிச்சம், ஆர்.சி. புத்தகத்தில் கடன் குறிப்பு நீங்கியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதிக்கிறார். ஆயிரம் ரூபாய்க்காக அரை நாள் பேரம் நடக்கிறது. வாங்கிய வண்டியை ஊருக்குக் கொண்டுவரும் வேலை மட்டும் பொழுது சாயும் நேரத்தில், கிடைத்த லாரியில், கிடைத்த கயிற்றைக் கொண்டு அவசர அவசரமாக முடிந்துவிடுகிறது.

தை பிறந்ததும் ஆத்தூர், பெரம்பலூர் பக்கமிருந்து தஞ்சை, திருவாரூர், நாகைக்கு அறுவடை இயந்திரங்கள் லாரிகளில் வந்து இறங்கும். சீசன் முழுவதும் ஏற்றி இறக்குகிறவர்களுக்கு அது கைவந்த வேலை. எந்த மேட்டில் லாரியை ஒட்டுவது, எங்கே சங்கிலி போடுவது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சில வருடங்களுக்கு ஒருமுறை ஒரு டிராக்டரை ஏற்றுகிற விவசாயிக்கும், காய்கறியும் செங்கல்லும் ஏற்றிப் பழகிய லாரி ஓட்டுநருக்கும்தான் இந்தக் கட்டுரை.

“ஹேண்ட் பிரேக் போட்டாச்சு, கியர்ல விட்டாச்சு, எங்கண்ணே போயிடப் போகுது?” ஏற்றி முடித்ததும் காதில் விழுகிற வார்த்தை இது. இதை நம்பவே கூடாது. ஹேண்ட் பிரேக் சக்கரம் உருளாமல் பார்த்துக்கொள்ளும். சக்கரம் வழுக்கினால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. மூட்டை தளத்தோடு படிந்து கிடக்கும். டிராக்டரோ காற்றடித்த நான்கு ரப்பர்களின் மேல் நிற்கிறது. ஒவ்வொரு வேகத்தடையிலும் அது எழும்பித் தணியும். எழும்பும் நொடியில் தளத்தின் மேல் அதற்குப் பிடிமானம் குறைகிறது. லாரி அந்த நேரம் பார்த்து வளைந்தாலோ பிரேக் அடித்தாலோ, இரண்டு டன் இரும்பு தன் போக்கில் போகும்.

எவ்வளவு விசையோடு போகும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. லாரி பலமாக பிரேக் அடிக்கும்போது சுமையின் எடையில் பத்தில் எட்டு பங்கு முன்னோக்கித் தள்ளும், வளைவில் பாதி பங்கு பக்கவாட்டில் தள்ளும் என்று வைத்துக்கொண்டுதான் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சுமை கட்டும் விதிகளை எழுதியிருக்கிறார்கள். 2,000 கிலோ டிராக்டர் என்றால் கேபினை நோக்கி 1,600 கிலோ, பக்கவாட்டில் 1,000 கிலோ. நீங்கள் கட்டும் கட்டு இதைத் தாங்க வேண்டும். இந்த இரண்டு எண்களை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வருகிற ஒவ்வொன்றுக்கும் காரணம் விளங்கும்.

எடையும் லாரியும்

மஹிந்திரா 575, ஸ்வராஜ் 744 போன்ற நடுத்தர டிராக்டர்கள் சுமார் 1,800 முதல் 2,000 கிலோ வரை இருக்கும். ஆனால் ஏற்றப் போவது வெறும் டிராக்டர் அல்ல. பின் டயர்களில் தண்ணீர் ஏற்றியிருந்தால் டயருக்கு 150 முதல் 200 லிட்டர் கூடும். ஆறடி ரோட்டவேட்டர் 400 கிலோவைத் தாண்டும். முன்பக்க எடைக்கட்டிகள், கேஜ் வீல், கலப்பை எல்லாம் சேர்ந்தால் மூன்று டன்னை நெருங்கிவிடும். விற்றவரிடம் டயரில் தண்ணீர் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் ஏற்றுமுன் வடித்துவிடுவது நல்லது.

லாரி எவ்வளவு தாங்கும் என்பதை ஓட்டுநரின் வாய்வார்த்தையில் விடாதீர்கள். அதன் ஆர்.சி.யில் மொத்த எடையும் வெற்று எடையும் அச்சிட்டிருக்கும். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் கிடைப்பதுதான் ஏற்றலாம் என்கிற அளவு. பத்தடி பாடி உள்ள சின்ன லாரியில் ஏறத்தாழ பதினொன்றரை அடி நீள டிராக்டரை ஏற்றி, பின்கதவைத் திறந்தபடியே தொங்கவிட்டு ஓட்டுவதை நிறையப் பார்க்கலாம். கதவு தாங்கிக் கொள்ளும் என்று நினைக்கிறார்கள். கதவின் கீல்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. சரக்கு லாரியின் பக்கவாட்டிலோ முன்னோ பின்னோ நீட்டிக்கொண்டிருந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தப்படி 20,000 ரூபாய் அபராதமும் உண்டு. பதினேழு அடி பாடி இருந்தால் டிராக்டரும் அடங்கும், சங்கிலியைச் சாய்த்துக் கட்டவும் இடம் இருக்கும். அறுவடை இயந்திரம், பொக்லைன் போன்றவற்றுக்குத் தாழ்தள டிரெய்லர்தான் சரி.

மற்றொரு டிராக்டரின் டிப்பரில் டிராக்டரை ஏற்றுவது, கயிறு கட்டி ஊர் விட்டு ஊர் இழுத்து வருவது இரண்டும் வேண்டாம்.

தளத்தை ஒருமுறை நடந்து பாருங்கள். பலகைத் தளமாக இருந்தால் பின் சக்கரங்கள் நிற்கப் போகும் இடத்தில் குதிகாலால் ஓங்கி மிதியுங்கள். மக்கிய பலகை உடனே காட்டிக்கொடுக்கும். இரும்புத் தளத்தில் எண்ணெய், நெல் தூசி, சேறு எதுவும் இருக்கக் கூடாது. டிராக்டர் டயரில் ஒட்டியிருக்கும் சேற்றையும் கழுவிவிட வேண்டும். பட்டன்களுக்கு இடையே காய்ந்திருக்கும் சேறு வழியில் உதிர்ந்தால் சங்கிலி தளரும். மழையில் நனைந்தால் சக்கரம் வழுக்கும்.

எங்கே ஏற்றுவது

என்னைக் கேட்டால், சரிவுப் பலகையே தேவைப்படாத இடம்தான் முதல் தேர்வு. லாரித் தளத்தின் உயரத்துக்கு இருக்கும் மண்மேடு, கல் கட்டிய மேடை, ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் மூட்டை ஏற்றும் தளம் என்று ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒன்றாவது இருக்கும். அதற்காக ஐந்து கிலோமீட்டர் கூடுதலாகப் போக வேண்டியிருந்தாலும் போகலாம். வாய்க்கால் கரையையோ ஏரிக்கரையையோ பயன்படுத்தினால் விளிம்பை நம்பாதீர்கள். மழை பெய்து ஊறிய கரை, பின் சக்கரத்தின் பாரம் ஏறியதும் சரியும்.

பலகைதான் என்றால் நீளமான பலகை வேண்டும். லாரித் தளம் நான்கடி உயரம் என்றால், ஏறும் சாய்வு 15 டிகிரிக்குள் இருக்கப் பலகை 15 அடிக்குமேல் இருக்க வேண்டும். லாரியின் பின் சக்கரங்களைச் சின்னப் பள்ளத்தில் இறக்கி நிறுத்தினால் தளம் தாழும், சாய்வும் குறையும். எட்டடிப் பலகையை நிறுத்தி ஏற்றுவது உயிரோடு விளையாடுவது. பலகையின் மேல்முனை லாரித் தளத்தோடு கொக்கியாலோ பின்னாலோ பூட்டப்பட்டிருக்க வேண்டும். சும்மா சாய்த்து வைத்த பலகையைப் பின் சக்கரம் ஏறும்போது கீழே உதைத்துத் தள்ளிவிடும். லாரியின் வால்பகுதிக்கு அடியில், இடைவெளி இல்லாமல் கட்டை அடுக்குங்கள். டிராக்டரின் பாரம் வால் மேல் ஏறும் நொடியில் ஸ்பிரிங் அமுங்கித் தளம் இறங்கும். பலகையின் பூட்டு கழன்றுகொள்வது அப்போதுதான். லாரியின் முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் முட்டுக்கட்டை போடுங்கள்.

ஏற்றும்போது

டிராக்டரின் எடையில் பெரும்பகுதி பின் அச்சின் மேல் இருக்கிறது. முன்பக்கமாகச் சரிவில் ஏறினால் அந்த எடை இன்னும் பின்னால் சாயும், மூக்கு லேசாகும். கிளட்சைப் பட்டென்று விட்டால் முன் சக்கரம் எழும்பி, வண்டி ஓட்டுபவர் மேலேயே மல்லாந்து விழும். குதித்துத் தப்பிக்க நேரம் கிடைக்காது. ஆகவே சரிவில் ரிவர்ஸில் ஏற வேண்டும். பின் சக்கரங்கள் முதலில் ஏறும், முன்பக்கம் கீழே அழுத்திக்கொண்டே வரும். இப்படி ஏறினால் கனமான பின்பாகம் கேபின் பக்கம் போய் அமர்வதால் லாரிக்கும் அதுதான் சரியான பார அமைப்பு.

ஏறுமுன் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். டிராக்டரில் இடது பின் சக்கரத்துக்கும் வலது பின் சக்கரத்துக்கும் தனித்தனி பிரேக் பெடல். வரப்போரம் திருப்புவதற்காக அவற்றைப் பிரித்தே வைத்திருப்பார்கள். பலகையின் நடுவில் ஒரு பெடலை மட்டும் மிதித்தால் ஒரு சக்கரம் மட்டும் நிற்கும், வண்டி திரும்பிப் பலகையை விட்டு விழும். இரண்டு பெடல்களையும் இணைக்கும் சின்ன லாக்கைப் போட்டுவிட்டு, சமதரையில் ஒருமுறை பிரேக் பிடித்துப் பாருங்கள்.

தரையிலேயே வண்டியைப் பலகைக்கு நேராக நிறுத்திக்கொள்ளுங்கள். ஏறும்போது ஸ்டியரிங்கை ஒடிக்கக் கூடாது. லோ ரிவர்ஸ் கியர், குறைந்த ஆக்சிலேட்டர், ஒரே சீரான வேகம். நடுவில் கிளட்சை மிதிக்காதீர்கள், கியர் மாற்றாதீர்கள். சந்தேகம் வந்தால் பிரேக்கில் நிறுத்தி, முதல் கியரில் முன்னோக்கி இறங்கி, மறுபடி ஏறலாம். வழி சொல்பவர் ஒரே ஒருவர் போதும். அவர் பக்கவாட்டில், ஓட்டுபவர் கண்ணில் படும் இடத்தில் நிற்க வேண்டும். பலகைக்குப் பின்னாலும், டிராக்டருக்கும் கேபினுக்கும் நடுவிலும் யாரும் நிற்கக் கூடாது. ஊர்ப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்கக் கூடுவார்கள். அவர்களை அப்புறப்படுத்திவிட்டுச் சாவியைத் திருப்புங்கள்.

ஓடாத டிராக்டராக இருந்தால் கிரேன் வையுங்கள். ஜே.சி.பி. வாளியின் பல்லில் சங்கிலியை மாட்டித் தூக்குவது பரவலாக நடக்கிறது. சங்கிலி நழுவாமல் இருக்க அந்தப் பல்லில் எதுவுமே இல்லை.

கட்டுவது

மேலே நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் போட்டு, குறைந்த கியரில் விட்டு, இன்ஜினை நிறுத்தும் நாப்பை இழுத்த நிலையிலேயே வைத்து, சாவியை எடுத்துவிடுங்கள். கியரில் இருக்கும் பழைய டீசல் இன்ஜின் பலமான குலுக்கலில் உருண்டு ஸ்டார்ட் ஆக வாய்ப்புண்டு. நாப் இழுத்திருந்தால் அந்தக் கவலை இல்லை. பேட்டரியின் ஒரு ஒயரைக் கழற்றிவிடுங்கள்.

அடுத்து முட்டுக்கட்டை. நான்கடி உயரப் பின் சக்கரத்துக்குச் செங்கல்லும் கருங்கல்லும் ஒரு பொருட்டே அல்ல, தெறித்து ஓடிவிடும். முக்கோணமாக அறுத்த ஆறு அங்குலக் கட்டையாவது வேண்டும். சக்கரத்தின் முன்னும் பின்னும் நெருக்கி வைத்து, பலகைத் தளமாக இருந்தால் ஆணி அடித்துவிட வேண்டும். கேபின் பக்கம் டயருக்கும் முன்தடுப்புக்கும் இடையில் ஒரு உத்தரக் கட்டையைக் குறுக்கே கிடத்தினால், பிரேக் அடிக்கும்போது வரும் தள்ளுதலில் பெரும்பங்கை அது வாங்கிக்கொள்ளும்.

கட்டுவதற்குக் கயிறு உதவாது. நைலான் கயிறு இழுவையில் நீளும், வெயிலில் தளரும். தேங்காய் நார்க் கயிறு தார்ப்பாய்க்குத்தான். சங்கிலி வாங்கும்போது கண்ணியில் 8 அல்லது 80 என்று முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அது கிரேடு 80 எஃகுச் சங்கிலிக்கான அடையாளம். எட்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள அந்த வகைச் சங்கிலியின் ஒரு கால் இரண்டு டன்னைத் தூக்கத் தகுதியானது. முத்திரை இல்லாத சாதாரணச் சங்கிலி எவ்வளவு தாங்கும் என்று விற்பவருக்கே தெரியாது. ராட்செட் பெல்ட் என்றால் 50 மில்லிமீட்டர் அகலம் வேண்டும். தாங்குதிறன் அச்சிட்ட டேக் தைத்திருக்கும். டேக் கிழிந்துபோன பெல்ட்டையும் ஓரம் பிசிறிய பெல்ட்டையும் ஒதுக்கிவிடுங்கள். கூரான இரும்பு விளிம்பில் பெல்ட் உரசும் இடத்தில் பழைய டியூபை வெட்டி வையுங்கள்.

குறைந்தது நான்கு கட்டு. ஒரே சங்கிலியை நான்கு மூலைக்கும் சுற்றி இழுத்தால் அது ஒரு கட்டுதான். ஓரிடத்தில் தளர்ந்தால் எல்லா இடமும் தளரும். நான்கும் தனித்தனியாக, ஒவ்வொன்றுக்கும் தனி இறுக்கியோடு இருக்க வேண்டும். பின் அச்சின் தடித்த வார்ப்புக் கூட்டில் இடமும் வலமுமாக இரண்டு சங்கிலிகள் மாட்டி, கேபின் பக்க மூலைகளுக்குச் சாய்வாக இழுங்கள். முன் அச்சின் உத்தரத்திலிருந்து இரண்டை, பின்கதவுப் பக்க மூலைகளுக்கு இழுங்கள். ரிவர்ஸில் ஏற்றியிருப்பதால், லாரி பிரேக் அடிக்கும்போது அந்த 1,600 கிலோவும் பின்கதவுப் பக்கச் சங்கிலிகளில்தான் தொங்கும். அதனால் கையில் இன்னும் இரண்டு சங்கிலிகள் இருந்தால், பின் அச்சுக் கூட்டிலிருந்தே பின்கதவுப் பக்கமாகவும் இழுத்துவிடுங்கள். டிராக்டரில் அதைவிட உறுதியான இடம் கிடையாது.

சாய்வு முக்கியம். சங்கிலி தளத்தோடு 30 டிகிரிக்குள் படுத்தாற்போல் போனால் அதன் பலத்தில் பெரும்பகுதி முன்பின் நகர்வைத் தடுக்கும். 45 டிகிரியில் 70 சதவீதம்தான் மிஞ்சும், 60 டிகிரியில் பாதி. செங்குத்தாகக் கீழே இழுத்துக் கட்டிய சங்கிலி பார்க்க விறைப்பாக இருக்கும், வழுக்கலை நிறுத்தாது. சங்கிலியை நேராகப் பின்னால் இழுக்காமல் சற்றே வெளிப்பக்கமாகவும் விரித்து இழுத்தால் பக்கவாட்டு ஆட்டமும் அடங்கும்.

மாட்டக் கூடாத இடங்களும் உண்டு. ஸ்டியரிங்கோடு சேர்ந்த டை ராடு வளையும். கீழ் லிங்குகள் தாமே ஆடுகிறவை. மட்கார்டு, கால்படி, டாப் லிங்க், ஹைட்ராலிக் குழாய் எதிலும் சங்கிலி படவே கூடாது. அதேபோல, லாரிப் பக்கவாட்டில் வரிசையாக வெல்டிங் செய்திருக்கும் கொக்கிகள் தார்ப்பாய்க் கயிற்றுக்கானவை. சங்கிலி முனையைத் தளத்துக்கு அடியில் குறுக்காக ஓடும் இரும்பிலோ, சேசிஸோடு சேர்ந்த வளையத்திலோ மாட்டுங்கள்.

இறுக்குவதற்கு ராட்செட் வகை இறுக்கிதான் நல்லது. நெம்புகோல் வகையில் கைப்பிடி திருப்பி அடித்தால் தாடை பெயர்ந்துவிடும். அதில் பைப் சொருகி நீட்டி இறுக்குவது இன்னும் ஆபத்து. நான்கு பக்கமும் மாறி மாறி, டயர் லேசாக அமுங்கும் வரை இறுக்கி, கைப்பிடியைக் கம்பியால் கட்டிவிடுங்கள். முன்னதாகவே நான்கு டயரிலும் காற்று சரியாக இருக்க வேண்டும். ஒரு டயர் வழியில் இறங்கினால் அந்த மூலைச் சங்கிலி தொங்கிப்போகும்.

ரோட்டவேட்டரைக் கழற்றித் தனியாக ஏற்றி, தனியாகக் கட்டுவதே மேல். கழற்ற முடியாவிட்டால் ஹைட்ராலிக்கில் தூக்கியபடி விடாதீர்கள். இன்ஜின் நின்றதும் எண்ணெய் மெல்லக் கசிந்து அது தானாக இறங்கும், சங்கிலிகளின் கணக்கு மாறும். கட்டை வைத்து அதன் மேல் முழுதாக இறக்கி, அதற்கென்று ஒரு சங்கிலி போடுங்கள். மேல்கூரை இருந்தால் கழற்றிவிடுங்கள். காற்றுப் பிடிக்கும், தாழ்ந்த மின்கம்பியிலும் மரக்கிளையிலும் மாட்டும். பானட் கொக்கி, டூல் பாக்ஸ், இருக்கைக்கு அடியில் கிடக்கும் பின்கள் என்று உதிரக்கூடிய எல்லாவற்றையும் எடுத்துச் சாக்கில் கட்டுங்கள். சைலன்சர் வாயைச் சாக்கால் மூடிக் கட்டவும். மழைத் தண்ணீர் இறங்காது. டர்போ உள்ள வண்டியில் காற்று புகுந்து, எண்ணெய் ஓட்டம் இல்லாத டர்போவைச் சுழற்றுவதும் நிற்கும்.

வழியில்

புறப்படுமுன் தரையிலிருந்து சரக்கின் உச்சி வரை அளந்து, அந்த உயரத்தை ஓட்டுநரிடம் சொல்லுங்கள். ரயில்வே சுரங்கப்பாலமும் தோட்டத்து மின்கம்பியும் வருமுன் அவருக்கு அது தெரிய வேண்டும். பத்து கிலோமீட்டர் தாண்டியதும் முதல் டீக்கடையில் நிறுத்தி, எல்லாக் கட்டையும் கையால் அசைத்துப் பாருங்கள். புதிதாகக் கட்டிய சங்கிலி அதற்குள் ஓரளவு தளர்ந்திருக்கும். அதன்பின் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும், மோசமான சாலையைத் தாண்டியதும் பாருங்கள்.

வேகத்தடையில் ஏறக்குறைய நின்று ஏற வேண்டும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். உயரமான பாரம் வளைவுக்குள் பிரேக்கை விரும்பாது. தருமபுரியிலிருந்து சேலம் வரும் தொப்பூர் இறக்கத்திலும், 27 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட திம்பம் மலைப்பாதையிலும், டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவது லாரியையும் டிராக்டரையும் சேர்த்துத் தொலைக்கும் வழி. ஏறிய கியரிலேயே இறங்கச் சொல்லுங்கள். இருட்டுமுன் ஊர் சேர முடியாது என்றால் தங்கிவிட்டு விடியற்காலையில் கிளம்பலாம்.

ஆர்.சி., இன்சூரன்ஸ், கையெழுத்தான 29, 30 படிவங்கள், வேறு மாநிலத்து வண்டியானால் 28ஆம் படிவத் தடையில்லாச் சான்று ஆகியவை கையில் இருக்கட்டும். லாரியின் இன்சூரன்ஸ் சரக்குக்குப் பொருந்தாது. நீண்ட தூரம் என்றால் சரக்குக்கென்று தனியாக எடுக்க வேண்டும்.

முக்கியமாக, டிராக்டர் இருக்கையில் யாரும் உட்கார்ந்து வரக் கூடாது. காற்றோட்டமாக இருக்கிறது என்று கிளீனர் பையன் ஏறுவான், ஓட்டுநரும் தடுக்கமாட்டார். வாடகை கொடுப்பவர் நீங்கள். “தம்பி, கேபினுக்கு வா” என்று நீங்கள் சொன்னால் அவன் இறங்குவான்.

இறக்குவது

எல்லோரும் களைத்திருப்பார்கள், வீட்டில் ஆரத்தித் தட்டோடு காத்திருப்பார்கள். முதலில் சங்கிலியை அவிழ்க்கத் தோன்றும். அதற்கு முன் லாரி சமதரையில் நிற்கிறதா, அதன் சக்கரங்களுக்குக் கட்டை போட்டாயிற்றா, பலகை பூட்டியாயிற்றா, வாலுக்கு முட்டு வைத்தாயிற்றா என்று பாருங்கள். டிராக்டரின் ஹேண்ட் பிரேக்கைச் சோதித்த பிறகே கடைசிச் சங்கிலி கழல வேண்டும். டிராக்டரின் முட்டுக்கட்டையை அகற்றுவது, ஓட்டுபவர் இருக்கையில் ஏறி பிரேக்கில் கால் வைத்த பிறகுதான். ரிவர்ஸில் ஏற்றியதால் இறங்கும்போது வண்டி முன்னோக்கி, முதல் கியரில், கிளட்சைத் தொடாமல் இறங்கும். பிரேக் பெடல் லாக் போட்டிருக்கிறதா என்று இங்கேயும் பாருங்கள்.

ஆறு சங்கிலி, ஆறு இறுக்கி, எட்டு முட்டுக்கட்டை, பூட்டோடு கூடிய ஒரு ஜோடி நீளப் பலகை எல்லாம் ஒரு விவசாயி தனியாக வாங்கி வைக்கிற அளவுக்கு அடிக்கடி தேவைப்படுபவை அல்ல. உங்கள் ஊர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ, வாடகை டிராக்டர் வைத்திருக்கும் நான்கைந்து பேரோ சேர்ந்து ஒரு செட் வாங்கி, எண்ணெய் தடவி ஓரிடத்தில் வையுங்கள். டிராக்டர் வாங்கப் புறப்படுகிறவர் எவரானாலும் அதை எடுத்துக்கொண்டு போகட்டும்.